மரியா மாண்டிசோரி அம்மையார்

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. அங்குள்ள சிறுவர் காலையில் எழுந்து மேற்கே நோக்குவராயின், மேகம் தவழும் மலைமுகடுகளையே முதலிற் காண்பர். அம்மலைத்தொடர் வடக்கு நோக்கி நீண்டு, ஓரிடத்தில் கிழக்கே ஒரு கிளையை விடுகின்றது. அக்கிளையே பழனி மலை. அதன்மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கோடைக்கானல் விளங்குகின்றது. இரண்டாம் உலகப் போர் மூண்டு உலகம் கலங்கிய காலத்தில், எழுபது வயது கடந்த இத்தாலி நாட்டு மூதாட்டி ஒருவர் அம்மலையூரில் தங்கியிருந்தார். அவர் சிறுவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, இலையும் கல்லும் நீரும் சிற்றுயிர்களுமே பாடநூலாக அறிவியல் பயிற்றினார். வினாவும் விடையும் ஆசிரியர் வாயினின்றே வருதல் வேண்டும் என்னும் பழைய வழக்கத்தை மாற்றி, வினவும் உரிமையைக் குழந்தைக்கு அளித்த அப்பெருமாட்டியே மரியா மாண்டிசோரி ஆவார்.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள், இத்தாலி நாட்டில் அங்கோனா நகரை அடுத்த கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ, அரசாங்க நிதித்துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் ரெனில்தே, நூல்களைப் பெரிதும் விரும்பிப் படித்தவர். மரியா ஐந்து வயதுச் சிறுமியாய் இருந்தபோது குடும்பம் உரோமாபுரிக்குக் குடியேறியது. அக்காலத்தில் அந்நாட்டில் கற்ற பெண்களுக்கு ஆசிரியத் தொழில் ஒன்றே உரியதெனக் கருதப்பட்டது. மரியாவோ அதனை வேண்டேன் என்றார். ஆண்பிள்ளைகளுக்கென ஏற்பட்ட தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்து கணிதம் பயின்றார். பின்னர் மருத்துவம் கற்கத் துணிந்தார். தந்தையார் இதனை விரும்பவில்லை. தாயார் மகளுக்குத் துணைநின்றார். ஆசிரியத் தொழிலை வேண்டாவென ஒதுக்கிய இவரே பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராயினார் என்பது வியப்புக்குரியது.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட இடர்கள் சிலவல்ல. இறந்தவர் உடலை அறுத்து ஆராயும் பாடத்தை ஆடவர் நடுவே ஒரு பெண் இருந்து கற்றல் தகாது என்று அவரை விலக்கினர். ஆகவே, ஏனைய மாணவர் சென்றபின், மாலைப்பொழுதில், பிணங்களுக்கிடையே தன்னந்தனியே நின்று அப்பாடத்தை அவர் கற்க வேண்டியதாயிற்று. இவ்வாறு பயின்று 1896ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, இத்தாலியில் மருத்துவரான முதற்பெண்டிர் சிலருள் ஒருவரானார்.

மருத்துவராகிய அவரைக் கல்வித்துறைக்கு ஈர்த்தவர் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளே. அந்நாளில் அத்தகைய குழந்தைகளைப் பித்தர் விடுதியில் முதியோரொடு ஒருங்கே அடைத்து வைத்திருந்தனர். அங்குக் குழந்தைகள் உணவுண்டபின் தரையிற் சிந்திக்கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்குவராம். காவற்பெண் அதனைப் பெருந்தீனி என்று இகழ்ந்தாள். மரியாவோ உற்றுநோக்கினார். வெறுஞ்சுவர்களையன்றி வேறொன்றும் இல்லாத அவ்வறையில், அக்குழந்தைகள் கையால் தொட்டு உருட்டிப் பார்ப்பதற்கு அத்துணுக்குகளையன்றி வேறு பொருள் இல்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. பசி வயிற்றினுடையதன்று, கையினுடையது. கையின் வழியே அறிவினுடையது. இதார், செகென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் எழுதிய நூல்களை அவர் கருத்தூன்றிக் கற்று, அக்குழந்தைகளுக்கெனக் கைப்பொருள்கள் பல செய்வித்தார். 1900ஆம் ஆண்டு முதல் ஈராண்டுக் காலம் அவர் நடத்திய பள்ளியில், ஒன்றுக்கும் உதவார் எனப்பட்ட குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றனர். அவருட் சிலர் பொதுத் தேர்விலும் வென்றனர். ஊரார் அவரைப் புகழ்ந்தனர். அவர் உள்ளத்திலோ வேறொரு கவலை எழுந்தது. குறைபாடுடைய குழந்தைகள் இவ்வளவு கற்கக் கூடுமாயின், குறையில்லாத குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்பதே அக்கவலை.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907இல் வந்தது. உரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு குழந்தைகள் காப்பாரின்றித் திரிந்து, புதுக்கிய வீடுகளின் சுவர்களைப் பாழ்செய்தனர். வீட்டுச் சொந்தக்காரர்கள் அச்சேதத்தைத் தடுக்கவே ஓர் அறையை ஒதுக்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு மரியாவை வேண்டினர். சுவரைக் காக்கும் பொருட்டுத் தொடங்கியதே உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம்! அவ்வாண்டு சனவரித் திங்கள் 6ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளோடு அது தொடங்கப்பட்டது. எல்லாரும் மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்டவர். அழுத கண்ணும் அஞ்சிய முகமுமாய் வந்தவர்.

அங்கு அம்மையார் கற்பித்தவற்றினும் கண்டறிந்தவையே மிகுதி. ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். பொருத்துவாள்; எடுப்பாள்; கலைப்பாள்; மீண்டும் பொருத்துவாள். அவளைச் சூழப் பிற குழந்தைகளைப் பாடச் செய்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் இருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி ஒரு மேசைமேல் வைத்தபோதும், உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு தன் செயலையே தொடர்ந்தாள். நாற்பது முறைக்குமேல் அவ்வாறு செய்தபின் தானே நிறுத்தி, துயிலெழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிலும் நோக்கினாள். குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது அலையும் என்று பெரியோர் கூறிவந்த கூற்று அன்று பொய்த்தது.

மற்றொரு நாள் ஆசிரியை கைப்பொருட் பேழையைப் பூட்ட மறந்து சென்றார். திரும்பி வந்தபோது குழந்தைகள் தாமே பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்வதைக் கண்டு, இது திருட்டு என்று சினந்தார். அம்மையார் அதனைத் திருட்டாகக் கொள்ளவில்லை. எப்பொருள் எங்கிருக்கும், தமக்கு வேண்டியது எது என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்கின்றனர் என்று தெளிந்தார். அதன்பின் பூட்டுடைய பேழை நீங்கியது. குழந்தை கைக்கு எட்டும் தாழ்ந்த அடுக்குகள் வந்தன.

அவர் அமைத்த கைப்பொருள்களின் நுட்பம் அறியத்தக்கது. மேற்கூறிய கட்டையில் பத்துக் குழிகளும், அவற்றுக்கேற்ற பத்து உருளைகளும் உண்டு. ஒவ்வோர் உருளையும் அளவில் வேறுபடும். குழந்தை சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டால் அது எளிதிற் சென்றுவிடும். அப்பொழுது பிழை தெரியாது. ஆயின் இறுதியில் எக்குழியிலும் நுழையாத ஓர் உருளை கையில் எஞ்சும். எங்கோ தவறு நேர்ந்தது என்பதை ஆசிரியர் கூற வேண்டுவதில்லை. கையில் எஞ்சிய உருளையே கூறிவிடும். குழந்தை திரும்பிச் சென்று ஒவ்வொன்றாய் ஒப்புநோக்கித் தன் பிழையைத் தானே கண்டு திருத்தும். அறிவியலாளர் ஆய்வுக்கூடத்திற் செய்வதும் இதுவேயன்றோ? ஒன்றைக் கருதுகின்றனர், செய்து பார்க்கின்றனர், பொருந்தாவிடின் கருத்தை மாற்றுகின்றனர். மூன்று வயதுக் குழந்தையும் முதிர்ந்த அறிஞரும் செல்லும் நெறி ஒன்றே என்பதே அம்மையார் கண்ட உண்மை.

எழுத்துப் பயிற்சிக்கும் அவர் புதுவழி வகுத்தார். சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தைகள் விரலால் தடவி அறியுமாறு செய்தார். கண்ணும் கையும் செவியும் ஒருங்கே எழுத்தை உணர்ந்தன. தமிழர்க்கு இது முற்றிலும் புதியதன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியதும் இத்தகையதே. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் விடுதியை நடத்திய ஆண்டுரு பெல் என்பார், மணலில் எழுதும் அவ்வழக்கத்தைக் கண்டு 1797ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். ஆயினும் நம் திண்ணையில் பிள்ளை ஆசிரியர் சொல்லியதைச் சொல்லியவாறே எழுதினான். மாண்டிசோரி இல்லத்துப் பிள்ளை தான் விரும்பிய எழுத்தைத் தானே எடுத்தான். இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று.

1909இல் அம்மையாரின் முதல் நூல் வெளியாயிற்று. பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்றபோது, தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லும் அவர் மனைவியாரும் அவரை ஆதரித்தனர். 1915இல் சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் அமைத்த வகுப்பறை ஒன்றை அவர் நடத்தினார். புகழ் ஓங்கியது, எதிர்ப்பும் உடன் வந்தது. இத்தாலியில் முசோலினியின் அரசு சில ஆண்டுகள் அவர் பள்ளிகளைத் தாங்கியது. அம்மையாரும் அவ்வாதரவை ஏற்றார். வல்லாட்சியின் கை தம் பணிக்கு உதவுமென எண்ணியது அவர் வாழ்வில் குறையே. குழந்தை எதனையும் ஏன் என்று வினவுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை; ஒருவரும் எதனையும் வினவலாகாது என்பது அவ்வரசின் கொள்கை. இரண்டும் ஒருங்கே நிற்கவில்லை. 1934ஆம் ஆண்டளவில் அங்கு அவர் பள்ளிகள் மூடப்பட்டன. அவர் தாய்நாட்டை நீங்கி எசுபானியா நாட்டில் தங்கினார். 1936இல் அங்கும் உள்நாட்டுப் போர் மூளவே, ஆலந்து நாட்டை அடைந்தார்.

காந்தியடிகள் 1931இல் இலண்டன் மாநகரில் அம்மையாரைக் கண்டு அளவளாவினார்; அவருடைய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உரையும் ஆற்றினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டும் இக்கல்வி இந்தியச் சிற்றூர்களில் வாழும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிட்டுமோ என்பதே அடிகளின் ஏக்கமாய் இருந்தது. எட்டாண்டுகளுக்குப்பின், அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தின் தலைவராய் இருந்த அருண்டேலும், அவர் மனைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, அம்மையார் 1939ஆம் ஆண்டு நவம்பரில் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. அவருடன் வந்தவர் மகன் மாரியோ.

மாரியோவைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். அவர் 1898இல் பிறந்தவர். திருமணம் செய்துகொள்ளாத தாய்க்குப் பிறந்தமையால், ஊரார் பழிக்கு அஞ்சி, குழந்தைப் பருவத்தில் அவரை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தார் வளர்த்தனர். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தாயென நின்ற அம்மையார்க்குத் தம் குழந்தையை மடியில் வளர்க்கும் பேறு வாய்க்கவில்லை. பதினைந்து வயதளவில் மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் அவரே தாயின் துணை. அவரே தாயின் நா. அம்மையார் இத்தாலிய மொழியிற் பேசுவார். மாரியோ அருகில் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துரைப்பார். அடையாற்றில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து கூடிய ஆசிரியர் ஏறத்தாழ முந்நூற்றுவர் அவ்வாறே அவர் சொற்பொழிவுகளைக் கேட்டனர்.

1940ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவில் இருந்த இத்தாலியர் அனைவரும் ஒரே நாளில் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ அகமதுநகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என ஆணை பிறந்தது. மொழி தெரியாத நாடு. எழுபதை நெருங்கிய வயது. உடனிருந்த ஒரே மகனும் பிரிந்துபோன நிலை. இளமையில் அவனைப் பிரிந்த தாய் முதுமையிலும் பிரிய நேர்ந்தது. ஆயினும் அவர் பணி நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளில், அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. அம்மையார்க்குப் பிறந்தநாட் பரிசாக அவர் மகனை விடுவிப்பதென அதில் கண்டிருந்தது. வளர்ப்பு மகன் எனவும் உறவினர் எனவும் அதுகாறும் ஊரார் கூறிவந்த மாரியோவை, அவ்வரசாங்க ஓலை மகன் என்றே குறித்தது.

கோடை வெப்பம் தாங்காத அம்மையாரை மலையூர்களிற் சென்று தங்க அரசினர் இசைந்தனர். 1942 முதல் 1944 வரை அவர் கோடைக்கானலில் வாழ்ந்தார். ஐரோப்பியக் குழந்தைகளும் இந்தியக் குழந்தைகளுமாகச் சிலர் அவரிடம் வந்து சேர்ந்தனர். இலங்கையைச் சேர்ந்த இலேனா விக்கிரமரத்தினா என்னும் ஆசிரியை துணைநின்றார். அதுகாறும் அம்மையாரின் புகழ் பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வியாலேயே நிலைபெற்றிருந்தது. கோடைக்கானலிலோ பல வயதுப் பிள்ளைகள் ஒரே இல்லத்தில் இருந்தனர். மூத்தோர் செய்வதை இளையோர் எட்டிப் பார்த்தனர், வினவினர். பெரிய பிள்ளைகளுக்கே உரியதென எண்ணிய பாடத்தில் சிறிய பிள்ளைகள் விரும்பி ஈடுபட்டனர்.

மலையும் சோலையும் ஏரியும் அருகிருக்க, வேறு ஆய்வுக்கூடம் எதற்கு? பிள்ளைகள் வெளியே உலாவி, செடிகளையும் சிற்றுயிர்களையும் திரட்டி வந்தனர். இலைகளை வடிவத்தால் வகைசெய்தனர்: நெஞ்சின் வடிவுடையது, ஊசி போன்றது, முட்டை வடிவினது எனப் பிரித்தனர். முதலில் பொருள், அடுத்துக் கையால் தொட்டறிதல், பின்னரே பெயர். பெயரை முதலிற் கூறிப் பொருளைக் காட்டாது விடும் பாடம் அவர்க்கு உடன்பாடன்று. ஆறு வயதின்மேல் குழந்தையின் மனம் எது என்பதனோடு அமையாது, ஏன், எவ்வாறு என்று கேட்கத் தொடங்குகின்றது என அவர் கண்டார். அதற்கு ஏற்ப, உலகம் தோன்றியது, உயிர் தோன்றியது, மனிதன் தோன்றியது, எழுத்தும் எண்ணும் பிறந்தது ஆகியவற்றைப் பெருங்கதைகளாக அமைத்தார். கதை முடிவில் விடை எல்லாவற்றையும் அவர் கூறிவிடுவதில்லை. விதையை ஊன்றிவிட்டு விலகுவார், பிள்ளைகள் நீரூற்றுவர். இவ்வாறு இயற்கை முழுவதையும் ஒன்றோடொன்று இயைந்ததாகக் காட்டும் கல்வியே பின்னர் அண்டக் கல்வி எனப் பெயர் பெற்றது. அக்கருத்துகளைக் கொண்ட நூலொன்று 1948இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது.

இம்முறைக்கு மலையுச்சி வேண்டுவதில்லை. இராசபாளையத்துக் கரிசற்காட்டில் வெடித்த பருத்திக் காயொன்றே போதும். கொட்டையைப் பஞ்சு ஏன் சூழ்ந்திருக்கின்றது என்று மாணவன் வினவுகின்றான் எனக் கொள்வோம். விடையை ஆசிரியர் உடனே கூறலாகாது. வேலியோரத்து எருக்கங்காயை முற்றவிட்டு உடைத்து, இரண்டு விதைகளை எடுக்கட்டும். ஒன்றன் பஞ்சை நீக்கிவிட்டு, மற்றொன்றைப் பஞ்சோடே விட்டு, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் விழவிடட்டும். ஒன்று காலடியில் விழும். மற்றொன்று காற்றில் மிதந்து தொலைவிற் செல்லும். தாய்ச்செடியின் நிழலை விட்டு விதை விலகிச் செல்வதற்கு அப்பஞ்சு உதவுவதை அவன் கண்ணாரக் காண்பான். பருத்தியிலும் பஞ்சு அதற்கே உதவுமோ என்னும் அடுத்த வினா தானே எழும். பால்கோவாவுக்குப் பெயர்போன திருவில்லிபுத்தூரில், அடுப்பிலிட்ட பால் சுண்டச் சுண்ட எடை குறைவதேன் என்று ஒரு சிறுமி நிறுத்துப் பார்க்கலாம். மேலே பிடித்த தட்டில் திரளும் நீர்த்துளிகள் அவளுக்கு வழிகாட்டும். மலைச்சாரலில் வாழும் சாம்பல்நிறப் பேரணில், கிளைவிட்டுக் கிளை தாவுவதற்கு மரங்கள் நெருங்கியிருத்தல் இன்றியமையாததோ என வேறொருவன் எண்ணிப் பார்க்கலாம். அவ்வணிலுக்கெனவே திருவில்லிபுத்தூரில் 1988இல் சரணாலயம் அமைந்தது. இவற்றிற்கு வேண்டும் செலவு மிகச் சிறிது; வேண்டும் பொறுமையோ பெரிது. விடை தெரிந்திருந்தும் வாய்திறவாது காத்திருத்தல் ஆசிரியர்க்கு எளிதன்று.

ஏழைக் குழந்தைகளிடையே பிறந்த இம்முறை, நாளடைவில் நகரத்துச் செல்வர் பள்ளிகளுக்கே உரியதுபோல் ஆனது வருந்தத்தக்கது. கைப்பொருள்களின் விலையும் பள்ளிகளின் கட்டணமும் அதற்குக் காரணம். 1931இல் காந்தியடிகள் கொண்ட ஏக்கம் நெடுங்காலம் தீராதிருந்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. ஆந்திர நாட்டு ரிஷிவேலிப் பள்ளியின் முறையும் மாண்டிசோரி முறையும் அதற்குத் துணைசெய்தன. 2007ஆம் ஆண்டில் அது மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியபோது, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பிள்ளைகளும் பாய்விரித்துத் தரையில் அமர்ந்து, தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்துப் பயின்றனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். பின்வந்த ஆண்டுகளில் முறை மாறியது; ஆயினும் கட்டணம் செலுத்தாத பிள்ளைக்கும் அக்கல்வி எட்டக்கூடும் என்பது அதனால் விளங்கிற்று.

போர் முடிந்தபின் அம்மையார் 1946இல் ஐரோப்பா சென்றார். மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து, அடையாற்றில் ஆசிரியப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1949இல் அவர் இந்நாட்டைவிட்டு இறுதியாகப் புறப்பட்டார். இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளே அவ்வாண்டில் உள்வாங்கும் மனம் என்னும் பொருளுடைய பெயர் தாங்கி அடையாற்றில் நூலாக வெளிவந்தன. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்குரிய நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

1952ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், ஆலந்து நாட்டின் கடற்கரையூராகிய நூர்துவைக்கில் ஒரு வீட்டின் தோட்டத்தில் அம்மையார் அமர்ந்திருந்தார். ஆப்பிரிக்காவில், பின்னர் கானா எனப் பெயர்பெற்ற நாட்டிலிருந்து, ஆசிரியர்களைப் பயிற்றுமாறு வேண்டுகோள் வந்திருந்தது. குழந்தைகளுக்கு உதவி மிகவும் தேவைப்படும் இடம் அது என்று கருதிய அம்மையார், தாம் செல்வதாகவே பேசிக்கொண்டிருந்தார். வயது 81. வெப்பம் மிகுந்த அந்நாட்டுக்குச் செல்ல உடல்நிலை இடந்தராது என்றும், வேறொருவர் சென்று கற்பித்து வரலாம் என்றும் மாரியோ எடுத்துரைத்தார். அந்நாட்டின் படத்தை எடுத்துவர அவர் அடுத்த அறைக்குச் சென்றார். திரும்பி வந்தபோது தாயின் உயிர் பிரிந்திருந்தது. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.